மேட்ச் அன்றைக்கு மட்டும்

என் மகள் யாரையும் பாதி வழியில் விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் அப்படித்தான் சொன்னது. "குளவி, மறுபடியும் நடுவுல விட்டுட்டுப் போயிட்ட." நான் சோபாவில் உட்கார்ந்து யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறிவிட்டது.

நான் பஸ் ஓட்டுகிறவள். இத்தனை வருஷ சர்வீசில் ஒரு பயணியைக்கூட நடுரோட்டில் இறக்கிவிட்டதில்லை. என் வயிற்றில் பிறந்தவளைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? மைக்கைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். மகள் கையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள்.

குளவி என்பது அவள்தான். நாங்கள் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் அவள் குளவி. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் பொருத்தமாக ஃப்ரேம் சரிசெய்து கொடுப்பாள். சாயங்காலமானால் ஆன்லைன் ஆட்டத்தில் ஒரு அணிக்குக் கடைசிக் காவல். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், ஆளுக்கொரு ஊரில் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டச் சத்தம் அவள் ஹெட்போனில் ஓடும், அணியின் பேச்சு ஸ்பீக்கரில் வரும். எதிரணி கோட்டைக்குள் நுழையப் பார்க்கும், இவர்கள் தடுக்க வேண்டும். மூன்று சுற்றில் இரண்டை எடுத்தால் வெற்றி. கூட இருக்கிற நாலு பேரும் விழுந்துவிட்டாலும் வாசலில் நிற்க வேண்டியவள் என் மகள். அந்த இடத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். சும்மா கிடைத்ததல்ல அது, இரண்டு வருஷம் மாற்று ஆளாக உட்கார்ந்து வாங்கிய இடம்.

அந்த வாசலில்தான் பிரச்சினை. நன்றாக ஆடிக்கொண்டே இருப்பாள். திடீரென்று திரை அப்படியே உறைந்துவிடும். மறுபடி அசையும்போது அவள் ஆள் தரையில் கிடப்பான், எதிரணி கோட்டைக்குள் கூத்தடித்துக்கொண்டிருக்கும்.

"அடுத்த ஞாயிறு ஃபைனல்," என்றது அதே பெண் குரல். அவர்தான் அணியின் கேப்டன். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப்போன குரல். "இன்னொரு தடவை உன் லைன் போச்சுன்னா ரெண்டு சுத்துக்கு நடுவுலயே ஆளை மாத்திடுவேன். அப்புறம் அந்த இடம் இப்ப மாத்து ஆளா இருக்கறவளுக்குத்தான். என் நெலமையையும் யோசிச்சுக்கோ."

"சரி கேப்டன்," என்றாள் என் மகள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தபோது அவள் காது இரண்டும் சிவந்திருந்தன.

அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து ஸ்பேனரோடு வந்தார் என் வீட்டுக்காரர். அவருக்குக் குழாய் வேலை. ஊரிலுள்ள அத்தனை ஒழுகலையும் நிறுத்துவார். ஆனால் எங்கள் சமையலறைக் குழாயை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும், அதுவும் இவள் மேட்ச் ஆடும் நேரத்தில்தான் கழற்றி மாட்டுவார். அந்த மனுஷனுக்குத் தெரிந்தது ஒரே கேள்வி.

"முடிஞ்சுதா உங்க சண்டை?"

"முடிஞ்சுதுப்பா."

"நல்லது. வேலைவெட்டி இருக்கறவங்க பாக்கற காரியமா இது?" என்று சொல்லிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. நோயாளி, ரவுட்டர். அது ஃப்ரிட்ஜ் மேல் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. மகள் அதை இறக்கி, துடைத்து, அணைத்துப் போட்டு, ஹாலில் திறந்த இடத்தில் வைத்தாள். ஆட்டத்தின் மூலையில் ஒரு எண் தெரியும், அதற்குப் பிங் என்று பெயர். இவள் அழுத்திய பட்டனின் செய்தி ஆட்டக் கம்பெனியின் மெஷினுக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அந்த எண். டிப்போவிலிருந்து கிளம்பி கடைசி ஸ்டாப் போய்த் திரும்புகிற டிரிப் நேரம் என்று நான் புரிந்துகொண்டேன். சின்னதாக, பச்சையாக இருந்தால் நல்லது. பெரிதாகிச் சிவந்தால் எங்கேயோ டிராஃபிக் ஜாம்.

"வைஃபையை நம்பி ஃபைனல் ஆட முடியாதும்மா. ரவுட்டர்லேருந்து நேரா கேபிள் இழுத்தாகணும்," என்றாள்.

கேபிள் வாங்கி வந்தாள். மறுநாள் நான் டியூட்டி முடிந்து வந்து பார்த்தால், சுவரோரமாக அந்தக் கேபிள் குழாய் க்ளிப்புகளில் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் தொங்கல் இல்லை, ஒரு மூலையில் மடிப்பு இல்லை, கதவு நிலைக்கு மேலே அழகாக வளைந்து ஏறி இறங்குகிறது. என் வீட்டுக்காரர் ஸ்டூலில் நின்று கடைசிக் க்ளிப்பை அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"காலு தடுக்கி யாராவது விழுந்து வெச்சா? அதுக்குத்தான்," என்றார். தடுக்கி விழ எங்கள் வீட்டில் என்ன குழந்தையா ஓடியாடுகிறது? ஆனாலும் வேலை வேலைதான். அப்படி ஒரு சுத்தமான வேலையைப் பார்த்துவிட்டு என்னால் சண்டை போட முடியவில்லை.

கேபிள் போட்ட பிறகும் சந்தேகம் தீராமல் இணையக் கம்பெனிக்குப் போன் செய்தோம். லைன்காரர் வந்தார். கம்பத்திலிருந்து வீடு வரை பார்த்தார், இணைப்பு முனையைப் புதிதாகப் போட்டார், தன் லேப்டாப்பில் வேகம் பார்த்தார். எல்லாம் கனகச்சிதமாக இருந்தது.

"சும்மா இருக்கறப்ப பாத்தா எல்லா லைனும் நல்லாத்தாம்மா இருக்கும்," என்று அவரே சொன்னார். "தொந்தரவு வர்ற நேரத்துல பாக்கணும். யாராவது பெருசா எதையாவது மேல அனுப்பினாலே போதும், எறங்கறதும் சேர்ந்து திணறும். டவுன்லோடுக்கு விட்டிருக்கற வழி பெருசு, அப்லோடுக்குச் சின்னது."

"மேட்ச் டயத்துல நான் ஒருத்திதான் நெட் யூஸ் பண்றேன் சார்," என்றாள் மகள். அது உண்மை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

இதற்கு நடுவில் நான் ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தேன். போன மாதம் ஒரே ஒரு மேட்ச் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது. அன்று எங்கள் வாஷிங் மெஷின் ஓடவில்லை. ஆகவே மெஷின்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். அழுக்குத் துணி மலையாகக் குவிந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த மலையை இரண்டு பேரும் கரைத்துக்கொண்டிருந்தோம். மகள் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மடிக்காமலே நின்றாள்.

"அம்மா, யோசிச்சுப் பாரு. வார நாள்ல ப்ராக்டீஸ் ஆடறேன், ஒண்ணும் ஆகல. மேட்ச் அன்னிக்கு மட்டும் வருது. அதுலயும் முதல் சுத்து சுத்தமா இருக்கு. ரெண்டாவது சுத்து ஆரம்பிச்சாத்தான் வருது."

"பயமா இருக்குமோடி? மேட்ச்னா ஒரு படபடப்பு..."

"படபடப்புல என் கை நடுங்கலாம். லைன் ஏம்மா நடுங்கணும்?"

அவள் கேட்ட விதத்தில் எனக்கு ஒரு பெருமை. அழுது வடியாமல், விதியை நோகாமல், எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாளே. எங்கள் டிப்போ மெக்கானிக்குகளுக்குக்கூட இந்தப் பொறுமை வராது.

அவள் என் போனை வாங்கி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். வீட்டில் நெட்டில் இருக்கிற ஒவ்வொன்றும் அதில் பெயரோடு இருந்தது. டிவி, அம்மா போன், அப்பா போன், என் கம்ப்யூட்டர் என்று அவளே பெயர் போட்டிருந்தாள். பக்கத்தில் மேலே போகிற அம்பு, கீழே இறங்குகிற அம்பு.

"எனக்கு டிவி மேலதான் சந்தேகம். தானா எதையாவது அனுப்புதோ என்னவோ. நாளைக்கு நான் ஆடறப்ப நீ இதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எதோட அம்பு மேல எகிறுதோ, சொல்லு."

அப்பா போனை நாங்கள் சந்தேகப்படவே இல்லை. குழாய்க்காரர் போனில் உடைந்த குழாய் படங்களைத் தவிர என்ன இருக்கப் போகிறது? அந்தப் படங்கள்கூட அவருக்கு உயிர். மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு வீட்டு மாடித் தொட்டியைக் கழுவப் போய், சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அவள் நடை பழகியது, முதல் பல் விழுந்தது எல்லாம் அதில்தான் இருந்தன. மனுஷன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புதுப் போன் வாங்கினபோது கடைக்காரரிடம், எடுத்த உடனே எல்லாம் நெட் வழியாக மேலே போய்ப் பத்திரமாகிவிடணும், போனில் மட்டும் ஒன்றும் தங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அப்படியே அமைத்து வாங்கிவந்தார்.

ஞாயிறு மத்தியானம் வந்தது. டிவியின் பிளக்கையே பிடுங்கிப் போட்டோம். மகள் திரைமுன் உட்கார்ந்தாள். நான் ஹாலின் மூலையில் ஸ்டூல் போட்டு, ஓடும் எஞ்சினைப் பார்க்கிற மாதிரி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஸ்பேனரோடு சமையலறைக்குள் போனார்.

"இன்னிக்குமாங்க அந்தக் குழாய்?"

"வாஷர் சரியில்ல," என்றார் உள்ளேயிருந்து.

முதல் சுற்று எங்களுக்கு. என் மகள் வாசலில் தனியாக நின்று இரண்டு பேரைச் சாய்த்தாள். பிங் பச்சையிலேயே இருந்தது. அம்புகளும் சாதுவாக இருந்தன. மூச்சு விட்டேன்.

இரண்டாவது சுற்று தொடங்கிய கொஞ்ச நேரத்தில், என் கையிலிருந்த போனில் ஒரு அம்பு மேல்நோக்கி எகிறியது. பெயரைப் படித்தேன். நம்பாமல் மறுபடியும் படித்தேன். அதற்குள் மகளின் திரை மூலையில் எண் பெருத்துச் சிவந்தது.

"அம்மா, வந்துருச்சு! எது? எது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதில் உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்த போன், மகளின் முதுகையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் என் வீட்டுக்காரர் கன்னத்தில் கைவைத்துத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பேனர் அடுப்பு மேடையில் கிடந்தது. குழாயில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எனக்கு அப்போது கேள்வி கேட்க நேரமில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் போனைப் பறித்தேன்.

"ஏய், ஏய், ஓடிட்டிருக்கு! என்ன பண்ற நீ?"

எதை அழுத்தினால் அது அனுப்புவதை நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். என் அக்காவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கினால், கீழே சாவிக் கடை வாசலில் எங்கள் வீட்டு வைஃபை அறுந்துவிடும். வீட்டுச் செருப்போடு ஓடினேன். பஸ் ஓட்டுகிற உடம்பு படியில் ஓடி எத்தனை காலமாயிற்று! சாவிக் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னை வாயைப் பிளந்து பார்த்தார்.

கீழே நின்று திரையைப் பார்த்தேன். வைஃபைக்குக் காத்திருப்பதாகப் போன் சொன்னது. அதற்குக் கீழே வரிசையாக வீடியோக்கள். எல்லாவற்றிலும் என் மகளின் முதுகு, அவள் பின்னல், அவள் ஹெட்போன். ஒன்றைத் தொட்டேன்.

திரையில் சண்டை நடக்கிறது. போனுக்குப் பக்கத்தில் ரகசியமாக ஒரு குரல். "இடது பக்கம் ஒருத்தன் வர்றான் பாரு... பாரும்மா... பாத்துட்டா. பாத்துட்டா! என் தங்கமே, விடாத."

இன்னொன்றைத் தொட்டேன். அதிலும் அதே குரல். இன்னொன்றிலும். என்னைக் கல்யாணம் பண்ணின நாளிலிருந்து என்னிடம்கூட அந்த மனுஷன் இப்படிக் கொஞ்சினதில்லை. ஒவ்வொரு சுற்றையும் ஒரு படமாக எடுத்திருக்கிறார். முதல் சுற்று முடிந்து அதைச் சேமித்த உடனே, கடைக்காரர் அமைத்துக் கொடுத்தபடி, போன் அதை மேலே அனுப்பத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெரிய சுமை போகிற வழியிலேயே இவளுடைய ஆட்டமும் போக வேண்டியிருந்தது. போன மாதம் தடங்கலில்லாமல் நடந்த மேட்ச் அன்று வாஷிங் மெஷின் மட்டுமா ஓடவில்லை? எங்கேயோ குழாய் வெடித்தது என்று இவரும் வெளியே போயிருந்தார்.

திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. போனைச் சாவிக் கடைக்காரரிடம் கொடுத்து, "இதைப் பத்திரமா வெச்சிருங்கண்ணே, மேல மட்டும் கொண்டு வந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது இரண்டாவது சுற்று போய்விட்டிருந்தது. ஆளுக்கொன்று. ஸ்பீக்கரில் கேப்டன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸாரி குளவி. முன்னாடியே சொல்லிட்டேன். மாத்து ஆள் ரெடியா இருக்கா."

"கேப்டன், கடைசியில எண்ணு பச்சைக்கு வந்துருச்சு. நீங்களே பாருங்க."

"வந்துச்சு. மறுபடி போகாதுன்னு எப்படிச் சொல்ற?"

என்ன நடந்தது என்றே மகளுக்குத் தெரியாதே. நான் மேஜைக்குப் போய் அவள் மைக்கை என் வாய்ப்பக்கம் திருப்பினேன்.

"நான் அவ அம்மா பேசறேன்மா. எம் பொண்ணு பாதியில விட்டுட்டுப் போறவ இல்ல. எங்க வீட்டுல ஒரு குழாய் தொறந்து கெடந்துச்சு. இப்ப மூடியாச்சு. இனிமே லைன் போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

அங்கே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"சரி," என்றார் கேப்டன். "குளவி, நீயே வா. வாசல்ல நில்லு."

மகள் மைக்கை அணைத்தாள். "எந்தக் குழாய்ம்மா?"

"உங்கப்பா. உன்னோட மேட்ச் ஒண்ணு விடாம ஜன்னல் வழியா படம் எடுத்து வெச்சிருக்கார்டி. அதுதான் மேல போயிட்டிருந்துச்சு. நீ ஆடறப்ப என்ன பேசறார்னு நீ கேக்கணும்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். அவர் சமையலறை வாசலில் நின்று, தான் அடித்த கேபிள் க்ளிப் ஒன்றை இன்றைக்குத்தான் பார்க்கிறவர் போல ஆராய்ந்துகொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. மகளுக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். அவள் கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு திரும்பினாள், மைக்கைப் போட்டாள்.

மூன்றாவது சுற்று. ஒருவர் விழுந்தார், இன்னொருவர் விழுந்தார், கேப்டனும் விழுந்தார். கடைசியில் வாசலில் என் மகள் மட்டும். எதிரே மூன்று பேர். பிங் பச்சை. என் வீட்டுக்காரருக்குக் கையில் போனும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு அடியாக வந்து, கடைசியில் அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருத்தன் சுவரேறி வந்தான், விழுந்தான். அடுத்தவன் வாசலுக்கு ஓடி வந்தான், விழுந்தான். மூன்றாமவன் புகைக்குள் மறைந்தான். என் மகள் அசையாமல் நின்றாள். நேரம் முடிகிற கட்டத்தில் இடது பக்கமாக ஒரே திருப்பு. திரை முழுக்க எங்கள் அணியின் நிறம்.

"குளவீ!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே சாவி மெஷின் நின்றுபோனது.

மைக் திறந்தே இருந்தது. அத்தனை ஊரிலும் அது கேட்டிருக்கும்.

"யாரு அது?" என்று கேட்டார் கேப்டன், சிரித்துக்கொண்டே.

"எங்க அப்பா."

"வீட்டுல யாருக்கும் இது பிடிக்காதுன்னு சொல்லிட்டிருந்த? இவ்ளோ நாளா எங்க இருந்தாரு?"

"எல்லா மேட்ச்லயும் இங்கதான் இருந்திருக்காரு கேப்டன்," என்றாள் என் மகள். "நான்தான் திரும்பிப் பாக்கல."

நாற்காலியைப் பிடித்திருந்த அந்தக் கை அவள் தலைக்கு வந்தது. ஹெட்போன் இருந்ததால் எங்கே தடவுவது என்று தெரியாமல் ஹெட்போனையே தடவிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். இவர்கள் என் வீட்டு ஆட்கள் என்று ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ராத்திரி வரைக்கும் அவருக்கு ஒரே புலம்பல். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த மூன்றாவது சுற்றை மட்டும் எடுக்க முடியாமல் போயிற்றே என்று. போனைப் பறித்தது நான் என்பதால் எனக்கும் பாட்டு விழுந்தது. மகள்தான் அந்தப் போனை வாங்கி, மேட்ச் முடிந்து அவள் சொன்ன பிறகுதான் படம் மேலே போகும்படி மாற்றிக் கொடுத்தாள். தன் மேஜைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டாள்.

இப்போது எங்கள் சமையலறைக் குழாய் நிஜமாகவே ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கொடுங்களேன் என்றால் அவருக்கு நேரமில்லையாம்.